ஐந்தில் சொல்வது பதினைந்திலும் பொருந்த வேண்டும்

டீ இன்னும் சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள். அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயமில்லை இது.

உங்கள் பையனைத் ‘தம்பி’ என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. வீடு சுங்கை சிப்புட் பக்கம், பால்மரத் தோட்டமாக இருந்து செம்பனையாகிவிட்ட ஓர் இடத்துக்கு அருகில். வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி பின்னால் போய் நின்று தலைமுடியை மோந்து பார்ப்பான். தேங்காய் எண்ணெய், மல்லிகைப்பூ, ஷாம்பூ எல்லாம் அவனுக்கு வேண்டும். முந்தானையை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வான். அத்தை சிரிப்பாள். பக்கத்து வீட்டு அக்கா, “ஐயோ செல்லம், நல்லா மோந்து பாருடா” என்று குனிந்தே காட்டுவாள். கோயில் கல்யாணத்தில் முன்பின் தெரியாத பெண்ணிடம் செய்தாலும், சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிடுவார்கள்.

பத்து வருடம் போகட்டும். அதே தம்பிக்கு மீசை அரும்பியிருக்கிறது, உயரம் அப்பாவைத் தாண்டிவிட்டது. ஈப்போ மேடான் கிட் பஸ் நிலையத்தில், தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் பின்னால் போய் அதையே செய்கிறான். அவன் மனதில் எதுவும் மாறவில்லை. அந்தப் பெண் பயந்து கத்துவாள். அவள் கத்துவதும் நியாயம்தான்.

இது கற்பனைப் பயமில்லை. 2017 செப்டம்பரில், கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞர், ஒரு பெண்ணைத் தகாத முறையில் தொட்டார் என்ற புகாரில் கைது செய்யப்பட்டார். அவர் காவலில் இருப்பதைக் குடும்பத்தினர் வெளியே சொன்னதும் நாடு முழுக்கப் பேச்சானது. ஆட்டிசம் உள்ளவரைப் போலீஸ் எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் பெரிதாக எழுந்தது. அங்கே நடந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் ஆட்டிசம் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு தாயும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தன் மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பாள்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். ஐந்து வயதில் பிள்ளைக்குச் சொல்லும் விதி, பதினைந்திலும் இருபத்தைந்திலும் செல்லுபடியாக வேண்டும். இன்றைக்குச் சிரித்து அனுமதித்துவிட்டு, மீசை முளைத்த பிறகு திட்டினால் அது அவனுக்குப் புரியாது. நேற்றுவரை எல்லாரும் சிரித்தார்கள், இன்றைக்கு எல்லாரும் கோபிக்கிறார்கள், நடுவில் என்ன மாறியது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

அவன் ஏன் மோந்து பார்க்கிறான்? அதை முதலில் பார்ப்போம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு புலனும் தனித்தனி வால்யூம் பட்டன் உள்ள ரேடியோ மாதிரி. ஒன்று காது கிழிய அலறும், இன்னொன்று கேட்கவே கேட்காது. அலறுகிற புலனிலிருந்து பிள்ளை தப்பி ஓடுகிறான், கேட்காத புலனைத் தேடித் தேடிப் போகிறான். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற அதே பிள்ளை சுவரில் மோதி மோதி விளையாடுவது இதனால்தான். ஐம்புலன்கள் போதாதென்று இன்னும் இரண்டு உண்டு: உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு, ஆடும்போதும் சுற்றும்போதும் உட்காது தரும் சமநிலை உணர்வு. சேலைத் தொட்டிலில் ஆடினால்தான் அழுகை நிற்கிறது என்றால், அவன் தேடுவது இந்த இரண்டாவதை.

லியோ கேனர் 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, சத்தத்துக்கு நடுங்குவதும் பொருளைச் சுழற்றிக்கொண்டே இருப்பதும் வருகின்றன. ஆனாலும் புலன் வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேட்டில் ஏறியது 2013-இல்தான். எழுபது வருடம்! அதற்கிடையில் எத்தனை பிள்ளைகள் முரண்டு, திமிர், காத்துக் கருப்பு என்று பெயர் வாங்கி அடிபட்டிருப்பார்கள்.

நம் தோட்டங்களிலும் இந்தப் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய அம்மா அப்பா, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால் வெட்டப் போனார்கள். மங்கில் உறைந்த ஒட்டுப்பாலை இழுத்து இழுத்து விளையாடுகிற, யாரோடும் பேசாத பிள்ளையை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும், “நம்ம முனியம்மா பேரன்தானே” என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். வைத்தியமில்லாமல், பள்ளிக்கூடமில்லாமல் அறைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் பிள்ளைக்குத் தெரியாத எல்லையை அப்போது ஊர் தாங்கிக்கொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, நம் சனங்கள் புந்தோங்குக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்த பிறகு, அடுத்த கதவில் இருப்பவர் யார் என்றே தெரியவில்லை. ஊர் தாங்கியதை இப்போது பிள்ளையே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதையெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டும்? எல்லாவற்றையும் அல்ல. கை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, விரலைக் கண்ணுக்கு நேரே ஆட்டிப் பார்ப்பது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப முணுமுணுப்பது, இவற்றால் யாருக்கும் கேடில்லை. விட்டுவிடுங்கள். கோயிலில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பது அதை நிறுத்தக் காரணமாகாது. 2019-இல் ஸ்டீவன் காப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். பதற்றம் பொங்கும்போது தங்களை நிலைநிறுத்துவதே இந்த அசைவுகள்தான் என்றார்கள் அவர்கள். அதைப் பிடுங்கிவிட்டால் பிள்ளைக்கு வேறு எதுவும் மிஞ்சாது.

சட்டைக் காலரைக் கடித்துக் கிழிப்பது வேறு. தேவையை மாற்ற முடியாது, பொருளை மாற்றலாம். கடிப்பதற்கென்றே செய்த சிலிக்கோன் பொருள் கொடுக்கலாம். மொறுமொறுப்பான கேரட்டும் முறுக்கும்கூட உதவும். மோதுவதும் தள்ளுவதும் வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைக்கு நம் வீட்டு வேலையே நல்ல மருந்து. அம்மியில் அரைப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத் துணி பிழிவது, அரிசி மூட்டையை நகர்த்துவது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் தருகிற வேலைகள். எடைப் போர்வை வாங்கலாமா என்று கேட்பீர்கள். 2014-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில் அது தூக்கத்தைக் கூட்டவில்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், குணமாக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

தலையை முட்டிக்கொள்வது, கையைக் கடித்துக்கொள்வது திடீரென்று தொடங்கினால், புலன் தேடல் என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. பல் வலியாக இருக்கலாம், காதில் சீழாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம். பேச்சு வராத பிள்ளைக்கு வலியைச் சொல்ல வேறு வழி இல்லை. முதலில் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

சரி, தலைமுடி விஷயத்துக்கு வருவோம். இதுதான் உங்களுக்குக் கவலை.

“மோந்து பாக்காதே” என்று சொன்னால் போதாது. செய்யாதே என்று கேட்ட பிள்ளைக்கு, அப்படியானால் என்ன செய்வது என்று தெரியாது. செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: “கை குடு.” ஆள் வந்தால் கை நீட்டுவது, அல்லது வணக்கம் வைப்பது. அவ்வளவுதான் விதி. அத்தைக்கும் அதே விதி, பஸ் நிலையத்தில் நிற்பவருக்கும் அதே விதி. வாசனை வேண்டுமே? வேண்டும். அதற்கு அவனுக்கே ஒரு கைக்குட்டை, அதில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் அல்லது அவனுக்குப் பிடித்த ஏதோ ஒரு வாசனை. சேலைத் துணி பிடித்தால் பழைய சேலையில் ஒரு துண்டு வெட்டி ஓரம் தைத்து, கால்சட்டைப் பையில். வெளியே கிளம்பும்போது போனை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள். ஆள் வந்து நின்று, மல்லிகை மணந்து, அவன் ஆசை உச்சத்தில் இருக்கும்போது பாடம் ஏறாது. அக்கா வெளியே போய்க் கதவைத் தட்டட்டும், தம்பி கை கொடுக்கட்டும், கைக்குட்டையை எடுத்து மோந்து பார்க்கட்டும், நீங்கள் மகிழ்ந்து பாராட்டுங்கள். அடுத்து அண்ணன் வரட்டும், தாத்தா வரட்டும். வீட்டில் பழகியது வெளியே தானாகப் போகாது, ஆட்டிசத்தில் அது பெரிய சிக்கல். ஆகவே கடையிலும், கோயிலிலும், பாசார் மாலாமிலும் அதே ஒத்திகையைத் திரும்பச் செய்ய வேண்டும். படம் வைத்துச் சொன்னால் பல பிள்ளைகளுக்கு நன்றாக ஏறும். அவன் கை கொடுக்கிற படத்தை நீங்களே போனில் எடுத்துப் பிரதி போட்டு, வாசல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சமூகக் கதை’ முறையும் இதைப் போன்றதுதான். ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கும், மற்றவர் எப்படி உணர்வார், நான் என்ன செய்யலாம் என்று, பிள்ளையின் பெயரைப் போட்டே எழுதும் சின்னக் கதை. தமிழில் நீங்களே எழுதலாம். வீட்டில் பேசுகிற மொழியில் எழுதுங்கள், புத்தகத் தமிழ் வேண்டாம்.

பிள்ளையைவிடக் கஷ்டமான வேலை பெரியவர்களைப் பழக்குவது. நீங்கள் கை கொடுக்கச் சொல்லும்போது, “விடு, குழந்தைதானே” என்று அத்தை தலையைக் குனிந்தால் எல்லாம் போச்சு. ஒருவர் விட்டாலும் பிள்ளை கற்றுக்கொள்வது ‘கேட்டுப் பார்த்தால் சில சமயம் கிடைக்கும்’ என்பதைத்தான். அத்தையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். பதினைந்து வயதுத் தம்பியை மனதில் கொண்டுவரச் சொல்லுங்கள். புரிந்துகொள்வாள்.

இன்னொன்றையும் கேட்க நினைத்துக் கூச்சப்படுகிறீர்கள் என்று தெரியும். நானே சொல்கிறேன். பிள்ளை தன் அந்தரங்க உறுப்பைத் தொட்டுக்கொள்வது பற்றி. சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. முதலில் அரிப்பா, புண்ணா, சிறுநீர்த் தொற்றா, உள்ளாடை உறுத்துகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அடிக்கவும் வேண்டாம், அலறவும் வேண்டாம். அலறினால் அதுவே ஒரு வேடிக்கையாகிவிடும், அல்லது தன் உடம்பே அசிங்கம் என்று மனதில் பதியும். முகத்தை மாற்றாமல், “இது தனியா இருக்கிற இடத்துல” என்று சொல்லி அந்த இடத்துக்கு அனுப்புங்கள். கதவு சாத்திய அறை. லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் பல அறைகளுக்குக் கதவே இல்லை, திரைச்சீலைதான். அப்படியென்றால் தாழ்ப்பாள் உள்ள குளியலறை. ஆனால் பள்ளிக் கழிவறையும் பேரங்காடிக் கழிவறையும் வீட்டுக் குளியலறை ஆகாது, அங்கே மற்றவர்கள் இருப்பார்கள். இந்த வேறுபாட்டைத் தனியாகப் படம் வைத்துச் சொல்லித்தர வேண்டும். உறுப்புகளின் பெயர்களையும் நேராகவே சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு யாராவது தொட்டுவிட்டால், எங்கே என்று சொல்ல அவனுக்கோ அவளுக்கோ சொல் வேண்டும்.

இதில்தான் பலர் மறக்கிற மறுபாதி இருக்கிறது. 2012-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வு பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தது. மற்றப் பிள்ளைகளைவிட, உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு 3.7 மடங்கு, பாலியல் வன்முறைக்கு 2.9 மடங்கு என்று கண்டது. நம் பிள்ளைகளை நாம் எப்படிப் பழக்குகிறோம்? சொன்னதைச் செய், பெரியவர் சொன்னால் மறுக்காதே, மாமாவுக்கு முத்தம் கொடு. தொட்டாலே நெளிகிற பிள்ளையைப் பிடித்து இழுத்து, பெரிய மாமா மடியில் உட்கார வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிய பிள்ளை, தவறான ஆளிடமும் தலையாட்டும். தன் ‘வேணாம்’ ஒருநாளும் மதிக்கப்படாத பிள்ளைக்கு, அடுத்தவரின் ‘வேணாம்’ எப்படிப் புரியும்? முத்தம் கேட்கும் தாத்தாவுக்கு வணக்கம் போதும். தாத்தா கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். பேச்சு வராத பிள்ளையென்றால் கையால் தள்ளுவது, தலையைத் திருப்புவது, ஓர் அட்டையைக் காட்டுவது எல்லாம் ‘வேணாம்’தான். அதைப் பார்த்ததும் நீங்கள் நிறுத்த வேண்டும், விளையாட்டுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும்போதுகூட.

அடுத்தது தண்ணீர். பேராக்கில் இருக்கிற நாம் இதைச் சும்மா தாண்டிப் போக முடியாது. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகுக்கே ஈயம் கொடுத்த மண். ஈய லம்பங்கள் போனாலும் அவை விட்டுப்போன குட்டைகள் ஈப்போ, பத்து காஜா, கம்பார் என்று எங்கு பார்த்தாலும் கிடக்கின்றன. பல இடங்களில் வேலி கிடையாது, கரையிலிருந்து இரண்டடி வைத்தாலே ஆழம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதன் மினுமினுப்பும், உடம்பைச் சுற்றி அழுத்தும் குளிர்ச்சியும் அவர்களை இழுக்கும். 2012-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டுத் தனியே வெளியேற முயன்றிருக்கிறார்கள். 2017-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டு இறப்புப் பதிவுகளைப் பார்த்து, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று கணக்கிட்டார்கள். படமும் கதையும் வைத்துப் பாடம் ஏறும்வரை காத்திருக்க முடியாத இடம் இது. கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்த இனமானாலும், அவன் தனியாக நடந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று உங்கள் நம்பரைக் கொடுங்கள். காணோம் என்றால் மற்ற இடங்களை மற்றவர்கள் தேடட்டும், நீங்கள் முதலில் தண்ணீரை நோக்கி ஓடுங்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள். தண்ணீர் ஆசையையும் தீர்த்து வையுங்கள், கூட ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க, வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில்.

சத்தம் தாங்காத பிள்ளையைத் தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா? போகலாம், உறுமி அடிக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, கூட்டம் குறைந்த அதிகாலையில், காதுக்கு மூடி போட்டு. முடியவில்லை என்று அவன் காட்டினால் உடனே திரும்பிவிடுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

ரோத்தான் (பிரம்பு) பற்றியும் பேச வேண்டும். அடித்தால் அந்த நேரத்துக்கு நிற்கும், அதனால்தான் அடியில் நம்பிக்கை வருகிறது. 1960-களில் கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர், பிள்ளைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்துவதையும் கை உதறுவதையும் நிறுத்த அறைந்தும் மின் அதிர்ச்சி கொடுத்தும் பார்த்தார். அந்த வழியை இன்று பெரும்பாலானோர் கைவிட்டுவிட்டார்கள். அடி ‘செய்யாதே’ என்று மட்டும்தான் சொல்லும், வாசனையை எங்கே தேடுவது என்று சொல்லாது. வலிக்கு அஞ்சி இந்தப் பழக்கத்தை விட்ட பிள்ளை இன்னொன்றைப் பிடிக்கும், அது இதைவிட மோசமாகவும் இருக்கலாம்.

உதவிக்கு யார் இருக்கிறார்கள்? அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்திலேயே, ஆட்டிச அறிகுறி உண்டா என்று பார்க்கும் எம்-சாட் கேள்விகள் கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் அங்கிருந்து ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியவர் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட். பலகையில் ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ என்று இருக்கும். ஈப்போவில் ஆட்டிசம் பிள்ளைகளுக்கான நாசோம் மையம் உண்டு, பெர்ச்சாமில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் யாயாசான் சுல்தான் இட்ரிஸ் ஷா இருக்கிறது. நகரத்துக்கு வர முடியாத தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் பக்கத்து பி.டி.கே. மையம் கைகொடுக்கும். 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம் அது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டை எடுத்துவிடுங்கள். நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. அந்த அட்டை பையில் இருந்தால், அவசரத்தில் போலீஸிடமோ கடைக்காரரிடமோ நீங்கள் பேசத் தொடங்க ஓர் ஆதாரம் இருக்கும். அதோடு சேர்த்து மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும், ‘எனக்கு ஆட்டிசம் உள்ளது, சத்தம் போட்டால் எனக்குப் பயம் வரும், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்’ என்று எழுதிய அட்டையும் அவன் பையில் இருக்கட்டும்.

தெரப்பிஸ்டைப் பார்க்கப் போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தம்பி மோந்து பார்த்த ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எங்கே, யார் இருந்தார்கள், செய்தபின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு வரி. போனில் ஒன்றிரண்டு வீடியோ எடுத்தாலும் நல்லது, ஆனால் துணியில்லாமல் இருக்கும்போது வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட வேண்டாம். கைக்குட்டையையும் எடுத்துப் போங்கள். நீங்கள் செய்வதைப் பார்த்துவிட்டு, எதை மாற்றலாம் என்று அவர் சொல்வார். அடுத்த தவணைக்கு முடிந்தால் அத்தையையும் கூட்டிப் போங்கள்.